சுமந்த பாரம் சேஸில் தெரியும்

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில் இருக்கிறது ஐயம்பேட்டை. பட்டு நெசவு ஊர். பாவு, ஊடை, ஜரிகை, சேலைக்கட்டு என்று எதை ஏற்றினாலும் வண்டிக்குப் பெரிய பாரமில்லை. ஆனால் வாலாஜாபாத், உத்திரமேரூர் வட்டாரத்தில் கல்குவாரிகள் உண்டு. ஜல்லியும் எம்-சாண்டும் சுமந்த சின்ன வண்டிகளும் இதே பக்கம்தான் ஓடுகின்றன. விற்பனைக்கு வரும்போது பட்டு ஏற்றிய வண்டியும் ஜல்லி ஏற்றிய வண்டியும் ஒரே புதுப் பெயிண்டில் நிற்கும். இரண்டையும் பிரித்தறிவது மெக்கானிக்கின் தொழில்.

தறியை விட்டு வாடகை வண்டி ஓட்ட முடிவெடுத்த ஒரு நெசவாளர், பழைய அசோக் லேலண்ட் தோஸ்த் ஒன்றை விலை பேசி வைத்திருந்தார். ஒன்றேகால் டன் இழுக்கும் மூன்று சிலிண்டர் டீசல் வண்டி. 2011-இல் சந்தைக்கு வந்த மாடல். அதைப் பார்க்க அவர் மெக்கானிக்கை அழைத்துப் போன காலையில் நானும் உடன் இருந்தேன்.

மெக்கானிக் சாவி வாங்கவில்லை. முதலில் இன்ஜின்மேல் உள்ளங்கையை வைத்தார். “சூடா இருக்கே. ஆறட்டும் தம்பி, டீ குடிச்சிட்டு வருவோம்.” விற்பவர் முன்கூட்டியே ஓடவிட்டிருக்கிறார். டீசல் இன்ஜினின் குறை குளிர்ந்த நிலையில் செல்ஃப் அடிக்கும்போதுதான் வெளியே வரும்; சூடேறிவிட்டால் பாதி மறைந்துவிடும்.

ஆறிய பிறகு ஸ்டார்ட் செய்து, சைலன்சர் பக்கம் போய் நின்றார். கறுப்புப் புகை விடாமல் வந்தால் நாசில், பம்ப், ஏர் ஃபில்டர் பக்கம் சந்தேகம். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ரிங் தேய்ந்திருக்கலாம், டர்போவாகவும் இருக்கலாம். சூடேறிய பிறகும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் கூலன்ட் உள்ளே இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். அடுத்து ஆயில் மூடியைத் திறந்தார். லேசான ஆவி மட்டும் வந்தது. பேக் கம்ப்ரஷன், அதாவது ரிங் வழியாகக் கீழே கசியும் அழுத்தம், இல்லை. நெசவாளர் முகத்தில் நிம்மதி.

“இன்ஜினை விடு தம்பி, அது காசு போட்டா சரியாகும்” என்றபடி சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார். டார்ச் வெளிச்சம் சேஸ் நெடுக ஊர்ந்து பின் ஆக்சிலுக்குச் சற்று முன்னே நின்றது. அங்கே மட்டும் பெயிண்ட் தடிப்பு. நகத்தால் சுரண்டினார். பட்டி உதிர்ந்து, அடியில் வெல்டிங் தழும்பு தெரிந்தது. பின் ஸ்பிரிங் கட்டில் கம்பெனி கொடுத்ததைவிட ஒரு பட்டை கூடுதல். அளவுக்கு மேல் பாரம் ஏற்றுபவர்கள் வண்டி உட்காராமல் இருக்கச் செய்யும் வேலை அது.

மீட்டரில் கிலோமீட்டர் குறைவாகத்தான் காட்டியது. கிளச் பெடலின் ரப்பரோ வழவழவென்று தேய்ந்து கிடந்தது. மீட்டரைத் திருத்துவது எளிது. சேஸைத் திருத்துவது எளிதல்ல. என்னைக் கேட்டால், பழைய சரக்கு வண்டியில் கிலோமீட்டரைக் கேட்பதைவிட, யார் வைத்திருந்தார்கள், என்ன ஏற்றினார்கள் என்று விசாரிப்பதுதான் முக்கியம். அந்த வண்டி வேண்டாம் என்று அங்கேயே முடிவானது.

2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பிஎஸ்-6 வண்டியாக இருந்தால் காதும் கண்ணும் மட்டும் போதாது. சென்சார்கள் அதிகம்; ஸ்கேனர் வைத்திருக்கும் மெக்கானிக்கை அழைத்துப் போக வேண்டும்.

அடுத்தது காகிதங்கள். ஆர்சியில் உள்ள சேஸ் எண்ணும் வண்டியில் பொறித்த எண்ணும் ஒன்றா? எஃப்சி எனும் தகுதிச் சான்று எப்போது முடிகிறது? சரக்கு வண்டிக்கு எட்டு வயதுவரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் எஃப்சி எடுக்க வேண்டும். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸின் தடையில்லாச் சான்றும் கடன் பதிவை நீக்கும் படிவம் 35-ம் கைக்கு வராமல் முழுப் பணத்தையும் கொடுத்துவிடக் கூடாது.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-இல் கையெழுத்து வாங்கி மடித்து வைத்துக்கொண்டு, பெயர் மாற்றாமல் வருஷக்கணக்கில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். விற்பவருக்குத்தான் இதில் பெரிய ஆபத்து. பெயர் மாறாத வண்டி விபத்தில் சிக்கினால், பதிவில் இருக்கும் உரிமையாளரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வாங்கியவர் 30 நாளுக்குள் ஆர்டிஓ அலுவலகத்தில் தெரிவிக்க வேண்டும்; மாநிலத்துக்குள்ளேயே விற்றவருக்கு 14 நாள்தான் கெடு. வண்டியை விற்கிறீர்கள் என்றால், பெயர் மாறியதை நீங்களே ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.