காரைக்காலும் வெள்ளிச் செம்பும்

அரசலாறு கடலோடு கலக்குமிடத்தில் அமைந்த காரைக்கால், 1739-ஆம் ஆண்டில் பிரெஞ்சுக்காரர் வசமாகி, 1954-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதியன்று பாரத தேசத்துடன் இணைந்தது. ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவுக்குச் செல்லும் அன்பர்கள், காரைக்காலம்மையாரைத் தரிசித்தபின், கடைவீதியிலுள்ள வெள்ளிக் கடையொன்றில் சற்றே நிற்பாராக. அங்கே சித்திர வேலையற்ற செம்பு ஒன்றை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.

அதன் வயிறு அகன்றிருப்பது நீர் கொள்வதற்கு. கழுத்து ஒடுங்கியிருப்பது விரல்கள் பற்றுவதற்கு. விளிம்பு வெளியே வளைந்திருப்பது, அண்ணாந்து அருந்துவோர்க்கு நீர் சிந்தாமல் விழுவதற்கு. வேண்டாத கோடு ஒன்றேனும் அதில் இல்லை.

இவ்வூரை ஆண்டவர்களின் தாய்நாட்டில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வேறு வழியிற் சென்றது. 1842-இல் பாரிஸ் நகரத்துக் கிறிஸ்தோஃபிள் என்பார் மின்சார முலாம் பூசும் உரிமையைப் பெற்றார். மலிவான உலோகமும் வெள்ளியெனப் பளபளத்தது. இயந்திர அச்சுகளோ பூவையும் கொடியையும் எளிதில் பதித்தன. ஐரோப்பியரின் உணவு மேஜை அலங்காரத்தால் நிரம்பிற்று. இங்கிலாந்தில் கிறிஸ்டபர் டிரெஸ்ஸர் என்னும் தாவர சாஸ்திரி, 1880-ஐ ஒட்டிய ஆண்டுகளில், தொழிற்சாலைகளுக்கென்றே பூவேலையில்லாத தேநீர்ப் பாத்திரங்களை வரைந்தளித்தார். விலையுயர்ந்த உலோகத்தைச் சிக்கனமாய்க் கையாளவேண்டும், பிடியும் மூக்கும் வார்ப்பதற்கு இசையவேண்டும் என்பது அவர் கொள்கை.

அதே காலத்தில் சென்னையில் நிகழ்ந்தது விந்தை! பி. ஆர் அண்டு ஸன்ஸ் போன்ற கம்பெனிகள், தெய்வ உருவங்கள் நிறைந்த 'ஸ்வாமி வேலை'த் தேநீர்ப் பாத்திரங்களை ஐரோப்பியருக்கு விற்றன. நம் தட்டாரின் கைத்திறன் அவற்றில் ஒளிர்ந்தது உண்மையே. ஆயினும் அவர் பிறர் மேஜைக்கு அலங்காரம் சுமத்துகையில், டிரெஸ்ஸர் தேடிய எளிமை நம் அடுக்களைச் செம்பில் அமைதியாய் இருந்தது.

1958-இல் அமெரிக்கரான ஈம்ஸ் தம்பதிகள் நமது அரசாங்கத்துக்கு அளித்த அறிக்கையில் இந்தச் செம்பையே சிறந்த அமைப்புக்கு உதாரணமாக்கினர். அதன் பயனாக 1961-இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றிற்று.

நமது இல்லங்களிலோ, பெண்ணுக்குக் கல்யாணமென்றால் பாட்டியின் செம்பு தராசுக்கு ஏறுகிறது. கடைக்காரர் எடைக்கு விலை தருவார். வடிவத்துக்கு யார் தருவார்? உருக்கிய வெள்ளி மீண்டும் வெள்ளியாகும். தலைமுறை தலைமுறையாய்க் கைகள் கண்டறிந்த வளைவு மீளாது. புதுப் பாத்திரம் வாங்குவோர் வாங்குக. பழஞ்செம்பு ஒன்றையேனும் வீட்டில் நிறுத்திக்கொள்க.