சித்தப்பாவின் 1982

எங்கள் தெருவில் மேல வரிசை முழுக்க பிரேசில். கீழ வரிசையில் பாதிக்கு மேல் அர்ஜென்டினா. 1986-ல் மரடோனாவைப் பார்த்துக் கிறங்கிப்போன அண்ணன்மார் கீழ வரிசையில் அதிகம். அவர்களுடைய தம்பிமாரும் அந்தப் பக்கமே சாய்ந்துவிட்டார்கள். தூத்துக்குடியில் பனிமய மாதா கோயிலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த தெரு அது. உலகக் கோப்பை வருகிற ஜூன், ஜூலையில் கச்சான் காற்று மண்ணை வாரி இறைக்கும். அந்தக் காற்றிலும் மாடிக்கு மாடி கொடி பறக்கும். தையல்கடையில் மிஞ்சிய பச்சைத் துணியும் மஞ்சள் துணியும் போதும், பிரேசில் கொடி தயார். நடுவில் வருகிற நீல வட்டத்துக்கு எங்கள் வீட்டு எவர்சில்வர் தட்டுதான் அளவு. அதற்குள் 27 நட்சத்திரங்கள் என்பது தெருவில் யாருக்கும் தெரியாது. இடமிருந்த வரைக்கும் போட்டோம்.

பிரேசில் எங்களுக்குத் தூர தேசமாகவே படவில்லை. 1530-களில் போர்த்துக்கீசியர் வந்து ஞானஸ்நானமும் கொடுத்து, பெயரையும் கொடுத்துவிட்டுப் போன கரை எங்களுடையது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் வருகைப் பதிவேட்டை எடுத்தால் பர்னாந்து, மிராந்தா, வாஸ், ரொட்ரிகோ என்றுதான் கூப்பிடுவார். அதனால் டிவியில் பிரேசில் ஆட்டக்காரர்களின் பெயர் ஓடும்போது சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணப் பத்திரிகையை வாசிக்கிற மாதிரி இருக்கும். மைதானத்தில் இறங்குமுன் குனிந்து புல்லைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொள்வார்கள். எங்கள் ஆட்கள் கடலில் இறங்கும்போது தண்ணீரைத் தொட்டுச் செய்வதும் அதைத்தான். நிறமும் எங்கள் நிறம். கடற்கரை மணலில் வெறுங்காலோடு உதைத்துப் பழகியவர்கள் என்று யாரோ சொன்னார்கள். அதற்குமேல் காரணம் எதுவும் வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பையன்கள் ஆடியதும் மணலில்தான், வலை காயப்போடுகிற இடத்தில். மணலில் பந்து உருளாது. காலால் கோதித் தூக்கித்தான் ஆட வேண்டும். பெண்பிள்ளைகள் கரையேற்றிக் கிடக்கும் வள்ளத்தின் விளிம்பில் உட்கார்ந்து பார்க்கலாம், அவ்வளவுதான். ஆடக் கிடைக்காததாலோ என்னவோ, எந்த ஆட்டத்தில் யார் கோல், எத்தனையாவது நிமிடம் என்று பேப்பரில் வந்த எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்தேன். தெருவில் வாய்ச்சண்டை முற்றினால் தீர்ப்புக்கு என் நோட்டைத்தான் கொண்டுவரச் சொல்வார்கள்.

நோட்டில் இல்லாத பிரேசில் சித்தப்பாவிடம் இருந்தது. சித்தப்பா கப்பல்காரர். 1982 ஜூலையில் அவருடைய கப்பல் சர்க்கரை ஏற்றுவதற்காக சாந்தோஸ் துறைமுகத்தில் நின்றிருக்கிறது. பெலே ஆடிய ஊர். உலகக் கோப்பை என்றால் பிரேசிலில் தெருவையே மஞ்சளும் பச்சையுமாக வரைந்துவிடுவார்கள். சித்தப்பா அதைக் கண்ணால் பார்த்தவர்.

"தார் ரோடே தெரியாதுட்டி. இந்த வாசல்லருந்து அந்த வாசல் வரைக்கும் பெயிண்டு. அதுல நடக்கதுக்கே எனக்குக் கூச்சமா இருந்துது" என்பார்.

அந்த வருஷத்து அணியைச் சித்தப்பா வாயால் கேட்க வேண்டும். டெலே சந்தானா பயிற்சியாளர். நடுக்களத்தில் சீக்கோ, ஃபல்காவ், செரேசோ. அணித்தலைவர் சாக்ரட்டீஸ், டாக்டருக்குப் படித்து முடித்தவர். ராணுவ ஆட்சி நடந்துகொண்டிருந்த நாட்டில், கொரிந்தியன்ஸ் கிளப்பில் நட்சத்திர ஆட்டக்காரருக்கும் உடுப்பு எடுத்து வைக்கிறவருக்கும் ஒரே மாதிரி ஒரு ஓட்டு என்று நடத்திக் காட்டியவர்களில் முக்கியமானவர். அந்த அணி ஸ்காட்லாந்துக்கு நான்கு, நியூசிலாந்துக்கு நான்கு, அர்ஜென்டினாவுக்கு மூன்று என்று கோல் போட்டுக்கொண்டே வந்தது. ஜூலை 5 அன்று பார்சிலோனாவின் சாரியா மைதானத்தில் இத்தாலியைச் சந்தித்தது. சமன் செய்தாலே அரையிறுதி. பாவ்லோ ரோஸ்ஸி 5-ஆவது நிமிடத்தில் தலையால் முட்டினார். சாக்ரட்டீஸ் திருப்பிக் கொடுத்தார். ரோஸ்ஸி மறுபடியும். 68-ஆவது நிமிடத்தில் ஃபல்காவ் அடித்ததும் 2-2.

இந்த இடத்தில் சித்தப்பா நிறுத்துவார். பந்தைப் பின்னால் தள்ளித் தள்ளி நேரத்தைப் போக்கியிருக்கலாம். அவர்கள் மூன்றாவது கோலைத் தேடிப் போனார்கள். 74-ஆவது நிமிடத்தில் ஒரு கார்னரிலிருந்து ரோஸ்ஸியின் மூன்றாவது கோல். 3-2.

"துறைமுகத்துல அப்படி ஒரு அழுகை. ஆனா என் காதுல ஒரு ஏச்சு விழலட்டி" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விடுவார். நான் பிறப்பதற்கு முந்திய ஆட்டம் அது. ஆனாலும் என் நோட்டின் முதல் பக்கத்தில் அதைத்தான் எழுதி வைத்திருந்தேன்.

1994 எனக்கு விவரம் தெரிந்து வந்த முதல் உலகக் கோப்பை. அமெரிக்காவில் நடந்ததால் ஆட்டமெல்லாம் எங்களுக்கு நடுச்சாமத்தில். காலிறுதியில் நெதர்லாந்தோடு 2-2 ஆகி, பிராங்கோ 81-ஆவது நிமிடத்தில் இடக்காலால் அடித்த ஃப்ரீ கிக்கில் பிரேசில் வென்றபோது ஞாயிறு விடிய இன்னும் நேரம் கிடந்தது. அந்த ஆட்டத்தில்தான் பெபெட்டோ கோல் போட்ட கையோடு ஓரத்துக்கு ஓடிவந்து, புதிதாகப் பிறந்த தன் பிள்ளைக்காகக் கைகளைத் தொட்டில் மாதிரி ஆட்டினார். காலைப் பூசை முடிந்து வெளியே வந்த பையன்கள் கோயில் முற்றத்திலேயே வரிசையாக நின்று தொட்டில் ஆட்டினார்கள். சாமியார் பார்த்துச் சிரித்துவிட்டு உள்ளே போனார். சுவீடனோடு நடந்த அரையிறுதி எங்களுக்கு விடிகாலை ஐந்து மணி. கடலுக்குப் போகக் கிளம்பியவர்கள் சோற்று வாளியோடு எங்கள் வாசலில் நின்றே பார்த்தார்கள். அந்த நெட்டையர்களுக்கு நடுவில் குட்டையான ரொமாரியோ எம்பி முட்டிய கோல் விழுந்த பிறகுதான் கரைக்கு நடந்தார்கள்.

சித்தப்பாவுக்கு மட்டும் இதில் ஒன்றும் ஒட்டவில்லை. முதல் ஆட்டங்களில் அணித்தலைவராக இருந்தவர் ராய், சாக்ரட்டீஸின் தம்பி. பயிற்சியாளர் பரெய்ரா அவரை உட்கார வைத்துவிட்டு மசின்யோவை இறக்கினார். தலைமை துங்காவிடம் போனது. துங்காவும் மவுரோ சில்வாவும் தடுப்புக்கு முன்னால் மதில் மாதிரி நிற்பார்கள். பந்தைப் பிடுங்கு, பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடு, முன்னால் ரொமாரியோ பார்த்துக்கொள்வான். இதுதான் கணக்கு. சித்தப்பா ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு "இதுக்கு இத்தாலிக்காரன் போதுமே, பிரேசில் எதுக்கு?" என்றார்.

இறுதி ஆட்டத்தில் அந்த இத்தாலியே எதிரே வந்தது. கோலே இல்லாமல் முடிந்த முதல் உலகக் கோப்பை இறுதி ஆட்டம். கூடுதல் நேரம் தொடங்கும்போது சித்தப்பா எழுந்து படுக்கப் போய்விட்டார். பெனால்டியில் பாஜ்ஜியோ அடித்த பந்து கம்பத்துக்கு மேலே போனபோது விடிகாலை மூன்றரை மணி இருக்கும். டஃபரேல் முழங்காலில் விழுந்து வானத்துக்குக் கையை உயர்த்தினார். எங்கள் வீட்டில் பெண்களும் அப்படியே கையை உயர்த்தினார்கள். மாதா கோயில் கொடியேற்றத்துக்கென்று வாங்கி வைத்திருந்த வெடியெல்லாம் தெருவில் வெடித்து முடிந்தது. அந்த வருஷம் மே மாதம் இறந்துபோன கார்ப் பந்தய வீரர் செனாவுக்காக ஆட்டக்காரர்கள் ஒரு பதாகையை விரித்துப் பிடித்தார்கள். நான் சித்தப்பாவை உலுக்கி எழுப்பினேன்.

"சித்தப்பா, ஜெயிச்சுட்டாங்க!"

"ஜெயிச்சாங்க. பிரேசில் எங்கட்டி ஆடுச்சு?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு நான் அழுதேன். இன்றைக்கு என்னிடம் பதில் இருக்கிறது. 1990-ல் அர்ஜென்டினாவிடம் தோற்று வெளியேறியபோது, பிரேசில் பத்திரிகைகள் அந்த வறண்ட ஆட்டத்துக்கு 'துங்கா காலம்' என்று பெயர் சூட்டின. நாட்டின் மொத்தக் கோபத்துக்கும் ஒரே மனிதரின் பெயர். நான்கு வருஷம் அதைச் சுமந்த அதே மனிதர், இறுதி ஆட்டத்தில் தன் பெனால்டியைப் பிசகாமல் அடித்தார். 24 வருஷமாகக் கிடைக்காத கோப்பையைத் தூக்கிப் பிடித்தபடி புகைப்படக்காரர்களைப் பார்த்து ஆத்திரம் தீரக் கத்தினார். சித்தப்பா நேசித்தது தோல்வியிலும் அழகாக ஆடியவர்களை. அழகு கைகொடுக்காத இடத்திலும் களத்தை விட்டு நகராத ஒருவரை நான் நேசித்தேன். இதற்கும் பிரேசில் என்றுதான் பேர். சித்தப்பாவிடம் இதை எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். அவர் ஒத்துக்கொண்டதில்லை.

ஆனால் சலித்துப்போனவர் என்று தெருவே நினைத்திருந்த அந்த மனிதர், 1998 இறுதி ஆட்டத்தில் கடைசி வரை எழுந்திருக்கவில்லை. ரொனால்டோவுக்கு அப்போது 21 வயது. ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே சித்தப்பா ஈஸிசேரை டிவிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "அந்தப் பிள்ளைக்கு உடம்புக்கு என்னமோ ஆயிட்டு. நடையப் பாரு" என்றார். சிடான் தலையால் இரண்டு கோல் போட்டதையோ, கீழ வரிசையில் விசில் பறந்ததையோ அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. அன்று பிற்பகல் ரொனால்டோவுக்கு வலிப்பு வந்ததும், முதலில் அவர் பெயர் இல்லாமல் பட்டியல் வெளியாகிப் பிறகு சேர்க்கப்பட்டதும் பேப்பரில் வந்தபோது, "நோயாளிப் பிள்ளைய எவனாவது கடலுக்கு அனுப்புவானா?" என்று நாள் முழுக்கப் பொருமிக்கொண்டே இருந்தார்.

அதற்கு முந்திய அவருடைய கோபமெல்லாம் ஆட்டத்தின் மேல். அன்றிலிருந்து அணியை வைத்துப் பிழைப்பவர்கள் மேல். 1996-ல் பிரேசில் கால்பந்துக் கூட்டமைப்பு நைக்கி நிறுவனத்தோடு போட்ட ஒப்பந்தத்தைப் பற்றி அந்த நாட்டு நாடாளுமன்றமே விசாரணை நடத்தியது. ரொனால்டோவையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். பிரேசிலின் நட்பு ஆட்டங்கள் பிரேசிலை விட்டு வெளியேறிப்போனதும் அந்தக் காலத்தில்தான். 1982 அணியில் வெளிநாட்டுக் கிளப்பில் ஆடியவர்கள் ஃபல்காவும் டிர்செவும் மட்டும். மற்றவர்களையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை உள்ளூர் மைதானத்தில் காசு கொடுத்துப் பார்க்கலாம். சாந்தோஸில் தெருவை வரைந்தவர்கள் தங்களுக்குத் தெரிந்த முகங்களுக்காக வரைந்தார்கள். இப்போது பதினெட்டு வயது நிறையும்போதே பிள்ளைகள் ஐரோப்பாவுக்கு விலைபோய்விடுகிறார்கள். தேசிய அணி லண்டனில் ஆடுகிறது. தோல்வி வந்தால் ஆளுக்கொரு விமானத்தில் ஏறிப் போய்விடுகிறார்கள். சலிப்பு வருவது கோப்பை வராததால் என்று நான் நம்பவில்லை. சொந்த ஊர் ஆட்கள் என்ற நினைப்பு விட்டுப்போகிற இடத்தில்தான் அது வருகிறது.

அந்த மஞ்சள் சட்டைக்கே வந்த கதியைப் பாருங்கள். 1950-ல் மரக்கானாவில் உருகுவேயிடம் தோற்ற பிறகு, அதுவரை போட்டிருந்த வெள்ளை உடுப்பு ராசியில்லை என்று ஒரு பத்திரிகை போட்டி வைத்தது. 19 வயது அல்திர் ஸ்க்லே வரைந்து அனுப்பியதுதான் நாம் பார்க்கிற மஞ்சள் சட்டையும் நீலக் கால்சட்டையும். ஒரு தோல்வியின் துக்கத்தில் எல்லோருக்கும் பொதுவாகப் பிறந்த சட்டை. கடந்த பத்து வருஷத்தில் முன்னாள் அதிபர் போல்சொனாரோவின் ஆதரவாளர்கள் அதை ஊர்வலச் சீருடை ஆக்கிவிட, அவரை ஏற்காத பிரேசில்காரர்கள் பலர் பெட்டியில் மடித்து வைத்துவிட்டார்கள். சாந்தோஸ் நடைபாதைக் கடையில் சித்தப்பா வாங்கிவந்த சட்டையைப் போட்டுக்கொண்டு படுத்து உறங்கியவள் நான். அந்தச் செய்தியை வாசித்தபோது 2014-ல் ஜெர்மனியிடம் 7-1 என்று தோற்ற இரவைவிட அதிகமாக வலித்தது.

2002 எங்கள் இருவருக்கும் ஒத்துப்போன ஒரே உலகக் கோப்பை. ஜப்பானில் நடந்ததால் இறுதி ஆட்டம் எங்களுக்கு ஞாயிறு சாயங்காலம். ரொனால்டோ இரண்டு கோல் போட்டார், நான்கு வருஷத்துக்கு முந்திய அந்த நடை போய் ஓட்டம் வந்திருந்தது. முன்நெற்றியில் மட்டும் முடி விட்ட அவருடைய வெட்டைத் தெருவில் பாதிப் பேர் வெட்டிக்கொண்டார்கள். ரொனால்டின்யோ பந்தை வாங்கும்போதே சிரிப்பார். சித்தப்பா அதைப் பார்த்து, "ஆங், இவன் சிரிக்கான் பாரு. இது போதும்" என்றார். நான் துங்காவைப் பற்றி வாயே திறக்கவில்லை.

2022 டிசம்பரில் குரோஷியாவிடம் பெனால்டியில் தோற்ற இரவு சித்தப்பாவுக்கு போன் செய்தேன். இந்தத் தடவை பார்க்கவே போவதில்லை, அந்தக் கருமத்தை விட்டாச்சு என்று முன்னமே சொல்லியிருந்தார்.

"நான் அப்பவே படுத்துட்டேன். என்னாச்சு?"

"தோத்துட்டாங்க சித்தப்பா."

"தோக்கட்டும்" என்றார். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு குரல் உயர்ந்தது. "கூடுதல் நேரத்துல கோல் போட்டாச்சுல்லா, இன்னும் நாலு நிமிசம் தாங்க முடியலியா? நெய்மார எதுக்குட்டி அஞ்சாவதா வச்சானுவ? அவன் அடிக்கதுக்கு முன்னாலயே முடிஞ்சு போச்சே! மொத அடியே அவன்தான அடிச்சிருக்கணும். அந்தச் சின்னப் பயல ரொட்ரிகோவ மொதல்ல அனுப்பி…"

அன்றைக்கு நடுநிசி தாண்டியும் அவர் போனை வைக்கவில்லை.