மேட்டைக் காணோம்!

'கிணத்தைக் காணோம்'னு வடிவேலு போலீஸ்ல புகார் கொடுப்பாரே, ஞாபகம் இருக்கா? பசிபிக் கடல்ல இருக்கிற நவுரு நாட்டுக்காரங்க நிஜமாவே கிட்டத்தட்ட அப்படி ஒரு கேஸ் போட்டாங்க. காணாமப் போனது கிணறு இல்ல பாஸ்... தீவோட நடு மேடு!

பூமத்திய ரேகைக்குத் தெற்கே சுமார் 55 கி.மீ. தூரத்துல தன்னந்தனியா கிடக்குது நவுரு. பக்கத்துத் தீவான பனாபாவே 300 கி.மீ. தள்ளி! மொத்தப் பரப்பு 21 சதுர கி.மீ.தான். பைக் எடுத்தா அரை மணி நேரத்துல தீவையே ஒரு ரவுண்ட் அடிச்சிடலாம். ஆறுன்னு ஒண்ணுகூட கிடையாது. மழைத்தண்ணியும், உப்பு நீக்கிய கடல்தண்ணியும்தான் குடிக்க.

மேஜை மேல ஒரு தொப்பியை வெச்சுப் பாருங்க... அதான் நவுரு. தொப்பியோட விளிம்புதான் கரையோர நிலம். அகலம் வெறும் 150-லிருந்து 300 மீட்டர். வீடு, கடை, ஏர்போர்ட் எல்லாமே பெரும்பாலும் இதுக்குள்ளதான். நடுவுல எழும்பி நிக்கிறது பழைய பவளப்பாறை மேடு. உள்ளூர்ல 'டாப்சைட்'னு சொல்றாங்க. உச்சி சுமார் 70 மீட்டர்.

இந்த மேட்டுப் பாறைகளோட இடுக்குல நிறைஞ்சிருந்தது பாஸ்பேட். சிட்னியில ஒரு ஆபீஸ்ல கதவு சாத்தாம இருக்க முட்டுக் கொடுத்திருந்த நவுரு கல்லை, 1899-ல ஆல்பர்ட் எல்லிஸ் சோதிச்சுப் பார்த்தப்பதான் விஷயம் வெளியே வந்துச்சு. 1907-லிருந்து கப்பல் கப்பலா ஏத்துனாங்க. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து வயலுக்கெல்லாம் உரம்! பாஸ்பேட்டைச் சுரண்டி எடுத்ததும் மிஞ்சினது ஊசி ஊசியா நிக்கிற பாறைத் தூண்கள். நடக்கவும் முடியாது, நடவும் முடியாது. இப்படிப் பாழானது தீவுல சுமார் 80 சதவிகிதம்.

1968-ல சுதந்திரம் வாங்கின நவுரு, அதுக்கு முந்தி தோண்டினதுக்கு நியாயம் கேட்டு 1989-ல சர்வதேச நீதிமன்றத்துக்குப் போச்சு. 1993-ல சமரசம், 10.7 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஆஸ்திரேலியா ஒத்துக்கிச்சு. ஆனா சுதந்திரத்துக்கு அப்புறமும் தோண்டுறது நிக்கல. இந்தத் தடவை காசு பார்த்தது நவுருவே!

இப்போ கடல் மட்டம் ஏறுது. விளிம்புல இருக்கிற ஜனங்க மேட்டுக்கு ஏறணும். அரசாங்கமும் 'ஹையர் கிரவுண்ட்'னு ஒரு திட்டம் போட்டிருக்கு. சிவில் படிக்கிற நண்பர்களே, பாறையை உடைச்சு சமன் பண்றது நம்ம வேலைதான், முடியும்னே வெச்சுக்கலாம். ஆனா மரம் வளர மண்ணு வேணுமே? அது எப்பவோ அடுத்தவன் வயலுக்கு உரமாப் போயிடுச்சு!