ஆற்று மணலும் அயர்ன் பெட்டியும்

சுருட்டை முடியோடு பிறந்த பெண்ணுக்கு ஊர் வைக்கும் பெயர்கள் நாலு. பரட்டை, குருவிக்கூடு, தேங்காய் நார், சாய்பாபா. எட்டாம் வகுப்பு முடிப்பதற்குள் நாலையும் நான் வாங்கிவிட்டேன். பாளையங்கோட்டையில் எங்கள் ஆச்சி மட்டும் கட்சி மாறாதவள். ''ஏட்டி, சுருட்டை முடி சோறு போடும். கோரை முடிதான் குடியைக் கெடுக்கும்'' என்பாள். சோறு போட்டதோ இல்லையோ, மாசத்துக்கு ஒரு சீப்பின் பல்லை உடைத்தது நிஜம்.

அதே முடி, இடுப்பு வரைக்கும், என் மகளுக்கு. ப்ளஸ் டூ பரீட்சை முடிந்த கையோடு வந்து நின்றாள்.

''அம்மா, காலேஜ் சேர்றதுக்குள்ள ஸ்ட்ரெயிட்னிங் பண்ணிடலாம்மா. ப்ளீஸ்.''

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பன்னிரண்டு வருஷம் எண்ணெய் வழிய வழிய ரெட்டை ஜடை, மடித்துக் கட்டிய ரிப்பன். ஒருநாள் நெற்றியோரம் நாலு முடி எழுந்து நின்றதற்கு, 'தலை சீவாம வந்திருக்கே' என்று வகுப்புக்கு வெளியே நிறுத்தினார்கள். அன்றைக்கு அவள் சீவிய சீவலில் தலையே வலித்திருக்கும்.

சரி, விசாரிப்போமே என்று ஒரு பார்லருக்குப் போனோம். அங்கிருந்த பெண் மகளின் கூந்தலை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, ''ரொம்ப டேமேஜா இருக்கு மேடம்'' என்றாள். தேங்காய் எண்ணெயும் சீயக்காயும் தவிர எதையும் பார்த்திராத தலை அது. சுருண்டிருந்தாலே கெட்டுப்போனது என்று யார் சொல்லிக் கொடுத்தார்களோ! ஒன்பதாயிரம் ஆகும் என்றாள். யோசித்துச் சொல்வதாக எழுந்து வந்தோம். அன்று ராத்திரியிலிருந்து நான் படிக்க ஆரம்பித்தேன்.

முடி என்பது கெரட்டின் என்கிற புரதம். அதற்குள் இரண்டு வகைப் பிணைப்புகள். ஒன்று கந்தகப் பிணைப்பு. கெட்டியானது, தண்ணீருக்கு அசையாது. இன்னொன்று ஹைட்ரஜன் பிணைப்பு. நனைந்தால் அவிழும், காய்ந்தால் மறுபடி கட்டிக்கொள்ளும். ஆக, ஈரமுடி எந்த வடிவத்தில் காய்கிறதோ அந்த வடிவத்தில் நிற்கும். அயர்ன் பண்ணிய முடி மெரினா காற்றில் பத்து நிமிஷத்தில் பழைய குணத்துக்குத் திரும்புவதும் இதனால்தான். பார்லர் ஸ்ட்ரெயிட்னிங் கந்தகப் பிணைப்பையே ரசாயனத்தால் உடைத்து, நீட்டி வைத்து, மறுபடி பூட்டுகிறது. ஆனால், வேர் அதற்குக் கட்டுப்படாது. மாசத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர், சுருட்டையாகவே முளைக்கும். ஆறு மாசத்தில் மேலே சுருள், கீழே கோரை. பாதி ஓட்டு வீடு, பாதி கான்கிரீட் என்கிற கதை. போதாததற்கு, 'ஸ்மூத்னிங்' என்ற பெயரில் செய்கிற சிலவற்றில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு வாயு கிளம்பும். அது புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு வகைப்படுத்தியிருக்கிறது.

நம் சங்கப் புலவர்கள் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார்கள். பெண்ணின் கூந்தலுக்கு அவர்கள் தேடிப்பிடித்த உவமை 'அறல்'. ஆற்றில் வெள்ளம் வடிந்ததும் நெளிநெளியாகப் படிந்து கிடக்குமே கருமணல், அது. இஸ்திரி போட்ட மணலை யாரும் பாடியதாகத் தெரியவில்லை. கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றொரு பெயர். அந்த ஐந்து வகை முடிப்புகளில் 'சுருள்' என்பதையும் ஒன்றாகச் சொல்வார்கள். இதை மகளிடம் சொன்னேன். ''அவங்க யாரும் எங்க ஸ்கூல்ல படிக்கலைம்மா'' என்றாள்.

கடைசியில் ஓர் ஒப்பந்தம். ஆறு மாசம் சுருட்டையைச் சுருட்டையாகவே நடத்திப் பார்ப்பது. பிடிக்கவில்லையென்றால் ஒன்பதாயிரம் என் பொறுப்பு. தலை அவளுடையது.

முதல் விதி, காய்ந்த தலையில் சீப்பு படக்கூடாது. சுருண்ட முடியில் மண்டையில் ஊறும் எண்ணெய்ப்பசை நுனி வரைக்கும் எளிதில் இறங்காது. அதனால் நுனி எப்போதும் வறட்சி. அதைக் காயவைத்துச் சீவினால் ஒவ்வொரு சுருளும் பிரிந்து பஞ்சாகும். குருவிக்கூடு பிறப்பது அப்படித்தான். ஷாம்பு மண்டைக்கு மட்டும். நீளத்துக்கு தாராளமாகக் கண்டிஷனர். அது வழவழவென்று இருக்கும்போதே, அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே மேலே சிக்கெடுக்க வேண்டும். ஷாம்புவே கூடாது என்று 2001-ல் 'கர்லி கேர்ள்' புத்தகம் எழுதிய லொரெய்ன் மாஸி சொல்கிறார். சென்னை வியர்வையும் புழுதியும் அந்த அம்மாவுக்குத் தெரியாது. அதை மட்டும் நாங்கள் விட்டுவிட்டோம்.

துருக்கி டவலால் பரபரவென்று துவட்டுவதும் கூடாது. பழைய காட்டன் பனியனால் கீழிருந்து மேலாக ஏந்திப் பிழிய வேண்டும். பிறகு ஆளிவிதை ஜெல். கால் கப் விதைக்கு இரண்டு கப் தண்ணீர். முட்டையின் வெள்ளைக்கரு பதத்துக்குக் கொதித்ததும் சூட்டோடு வடிகட்டிவிட வேண்டும். ஆறினால் வடியவே வடியாது. எங்கள் வீட்டு டீ வடிகட்டி ஒன்று அதில் வீரமரணம் அடைந்தது. ஜெல் தடவி, காயும்வரை தலையில் கை வைக்காமல் இருப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். காய்ந்ததும் மொறமொறவென்று நிற்கும். லேசாகக் கசக்கிவிட்டால், மெத்தென்று சுருள் சுருளாக விழும்.

விழுந்தது. கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள். ''இது என் முடியாம்மா?''

இப்படியே சுபமாக முடிந்துவிடவில்லை. சொந்தத்தில் ஒரு கல்யாணம். பெரியம்மா மண்டப வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். ''என்னட்டி இது, நல்ல நாளும் பொழுதுமா பிள்ளையைத் தலைவிரி கோலமா கூட்டிட்டு வந்திருக்க?'' மகள் முகம் சுண்டிவிட்டது. ரூமுக்குள் போய்த் தளர்வாக ஒரு பின்னல் போட்டு, பூ வைத்துக்கொண்டு வந்தாள். மழைக்கால ஈரக்காற்றில் சில நாள் என்ன செய்தாலும் புஸ்ஸென்று எழும்பும். அன்றைக்கெல்லாம் அழுகை, காலேஜுக்கு லேட்.

ஆறு மாசம் முடிந்து இரண்டு மாசம் ஆகிறது. அவளும் பேச்செடுக்கவில்லை, நானும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாத்ரூம் ஒன்றரை மணி நேரம் அவளுக்கே சொந்தம். போன வாரம் என்னையும் பிடித்து உட்கார வைத்துவிட்டாள். முப்பது வருஷமாகக் கொண்டைக்குள் கிடந்த தலை. நரைத்த சுருள் இன்னும் முரடு. இரண்டு மடங்கு ஜெல் கேட்டது.

மறுநாள் ஆபீஸ் லிஃப்டில் ஒருவர், ''மேடம், பார்லர் போனீங்களா?'' என்றார்.

ஆளிவிதையெல்லாம் விளக்குவதற்குள் நாலாவது மாடி வந்துவிடும். ''ஆமா சார்'' என்று சொல்லிவிட்டேன்.