பெரியப்பாவின் துப்பாக்கியும் ஆவுளியாவும்

கான்சாபுரத்தில் எங்கள் பெரியப்பா வீட்டுச் சுவரில் ஒரு லைசென்ஸ் துப்பாக்கி தொங்கும். மலையடிவார ஊர் இல்லையா... கேளையாட்டுக் கறிக் கதை இல்லாத வீடே அங்கே கிடையாது. வனவிலங்குச் சட்டம் 1972-லேயே வந்துவிட்டது. எண்பதுகளிலும் பெரியப்பாவின் புலம்பல் ஓயவில்லை: ''எங்க தாத்தா காலத்துல இருந்து உள்ள பழக்கம்டா... தடுக்க இவனுக யாரு?''

அந்த வயசில் எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

இதே நியாயத்தை கரீபியன் கடலில் ஒரு நாடே பேசுகிறது தெரியுமா? செயின்ட் வின்சென்ட் நாட்டின் பெக்கியா தீவுக்காரர்கள், பாய்மரப் படகில் போய், கையால் ஈட்டி எறிந்து திமிங்கிலம் பிடிப்பவர்கள். பிடித்ததை இழுத்துவந்து அறுத்தது, பக்கத்தில் இருக்கும் பெட்டி நெவிஸ் என்கிற குட்டித் தனியார் தீவில். பரம்பரை வேட்டை என்று ஒப்புக்கொண்டு, வருஷத்துக்கு நாலு வீதம் சர்வதேசத் திமிங்கில ஆணையமே அனுமதி தந்திருக்கிறது.

நம் ராமநாதபுரம் கரையிலும் ஒரு வேட்டை இருந்தது. ஆவுளியா என்கிற கடல் பசு. கடற்புல் மேயும் பரம சாது. கறிக்காகவும் எண்ணெய்க்காகவும் பிடித்தார்கள்.

பி.காம். படித்தவனுக்கு எல்லாமே பற்று வரவுதான். கடல் பசு ஒரு வருஷத்துக்கு மேல் சுமந்து, ஒரே ஒரு குட்டி போடும். அடுத்த குட்டிக்கு மூன்று வருஷமாகும். சமயத்தில் ஏழுகூட ஆகும். இது வரவு. பற்று? ஒரு வலை, ஒரு ராத்திரி! எப்படி டேலி ஆகும், சொல்லுங்கள். பெக்கியாக்காரர்கள் பிடிக்கும் ஹம்ப்பேக் திமிங்கில இனமோ ஆயிரக்கணக்கில். 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் கடல் பசுக் காப்பகமாகத் தமிழக அரசு அறிவித்தபோது, இந்தியாவில் மிச்சம் இருந்தவை சுமார் 240 என்றார்கள்.

இப்போது, வலையில் தானாக வந்து சிக்கும் ஆவுளியாவைக் கடலிலேயே விட்டுவிடும் மீனவர்களுக்கு வனத்துறை பரிசு கொடுத்துப் பாராட்டுகிறது. நல்ல விஷயம்தான். ஆனால், அறுந்த வலை? அன்றைக்குப் போன மீன்?

பெரியப்பாவுக்குப் போனது வெறும் வீறாப்பு. துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட்டு, வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சப் போய்விட்டார். அந்த மீனவருக்கு வயலும் கிடையாது. காப்பகத்துக் கணக்கில் அவருடைய வலைக்கும் ஒரு வரி எழுதுங்கள் என்று கேட்டால் தப்பா?