வெள்ளச்சிக்கு ஊசி போட்ட காலம்

எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலில் ஒரு கம்பிக் கொளுக்கி இன்னும் தொங்குகிறது. 2022 மார்ச் மாதத்திலிருந்து பதின்மூன்று மாதங்கள் அதில் சேலைன் போத்தல் தொங்கியது. வீட்டுக்கு வருகிறவர்கள், "ஆருக்கு சேர் சுகமில்ல?" என்று கேட்பார்கள். பூனைக்கு என்றதும் சிலர் சிரிப்பார்கள். சிலர் ஒன்றும் சொல்லாமல் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு எழும்பிப் போவார்கள்.

வெள்ளச்சி என் பூனை அல்ல, உம்மாவின் பூனை. 2009 ஆம் ஆண்டு மாரி மழையில் கிணற்றடியில் நனைந்து கிடந்த குட்டியை உம்மா முந்தானையில் துடைத்து எடுத்தா. அதன் பிறகு உம்மா மீன் அரியும் இடத்திலும் தொழும் பாயின் ஓரத்திலும் அது இருக்கும். 2019 இல் உம்மா மௌத்தாகி நாற்பது நாள் வரைக்கும் அந்தப் பாய் விரிக்கும் இடத்திலேயே அது படுத்துக் கிடந்தது. உம்மாவைக் கொண்டுபோனதும் சிறுநீரகம்தான். சீனி வருத்தம் முற்றி, கடைசி ஒன்றரை வருடம் கிழமைக்கு இரண்டு தடவை இரத்தம் சுத்திகரிக்கப் போய் வந்தா. நான் அப்போது வெளிமாவட்டப் பாடசாலையொன்றில் கற்பித்துக் கொண்டிருந்தேன். வெள்ளி பின்னேரம் வருவேன், ஞாயிறு பின்னேரம் போவேன். சுத்திகரிப்பு நாட்கள் செவ்வாயும் வெள்ளியும். அழைத்துக் கொண்டு போனது ராத்தா.

வெள்ளச்சியின் வருத்தம் தண்ணீரில்தான் முதலில் தெரிந்தது. பூனை பொதுவாக அதிகம் தண்ணீர் குடிக்காத பிராணி. அதன் மூதாதை வரண்ட நிலத்துக் காட்டுப் பூனை. தின்னும் இரையில் உள்ள ஈரத்தையே சிக்கனமாக வைத்துக்கொண்டு சிறுநீரை இறுக்கிக் கழிக்கும். எங்கள் வெள்ளச்சியோ வுழூச் செய்யும் தொட்டியடியில் தலையைப் போட்டபடி குடித்துக் கொண்டே இருந்தது. அதே அளவுக்குக் கழித்தது. "நல்லாப் போகுதுதானே, அப்ப சிறுநீரகத்துக்கு ஒண்டுமில்ல" என்றார் பக்கத்து வீட்டுக் காக்கா. நானும் அப்படித்தான் நினைத்தேன். உண்மை தலைகீழ். இறுக்கும் சக்தி போய்விட்டதால்தான் அவ்வளவு நீரும் வெளியே போகிறது, போனதை ஈடுகட்டத்தான் அது குடிக்கிறது.

மிருக வைத்தியரிடம் கொண்டு போனேன். மாடும் ஆடும் வரிசையில் நிற்கும் இடத்துக்கு ஒருவர் அரிசிப் பைக்குள் பூனையைக் கொண்டு போனால் எப்படியிருக்கும்! அவர் சிரிக்கவில்லை. தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார். அது மெதுவாகவே திரும்பிப் படிந்தது. இரத்தம் எடுத்து நகரத்து ஆய்வுகூடத்துக்கு அனுப்பினார். கிறியற்றினின் ஏறியிருந்தது. சிறுநீரகத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு பழுதான பிறகுதான் அது இரத்தத்தில் காட்டும் என்று விளங்கப்படுத்தினார். உம்மாவின் அறிக்கையிலும் இந்தச் சொல்லை வாசித்திருக்கிறேன். அன்று எனக்கு அது வெறும் சொல்.

"இது சுகமாகிற வருத்தமில்ல சேர். இருக்கிற நாளைக்கு லேசாக்கலாம், அவ்வளவுதான்" என்றார்.

லேசாக்கும் வேலையை அவரே பழக்கினார். ஒரு நாள் விட்டு ஒரு நாள் 100 மில்லிலீற்றர் சேலைன், நரம்பில் அல்ல, தோலின் கீழே. போத்தலை இளஞ்சூட்டுத் தண்ணீரில் வைத்து உடற்சூட்டுக்குக் கொண்டு வரவேண்டும். தோள்பட்டைகளுக்கு நடுவே தோலைக் கூடாரம் போலத் தூக்கி அதற்குள் ஊசியை விடவேண்டும். ஒவ்வொரு தடவையும் புது ஊசி. பத்து நிமிடத்தில் முதுகில் ஒரு மேடு எழும்பும், பிறகு அது முன்னங்காலுக்கு இறங்கி மெல்ல மெல்ல உடம்பில் ஊறிவிடும். முதல் நாள் என் கை நடுங்கியதில் ஊசி தோலின் மறுபக்கத்தால் வெளியே வந்து தண்ணீரெல்லாம் என் சாரனில் ஊற்றியது.

சாப்பாட்டிலும் மாற்றம். முள்ளிலும் எலும்பிலும் பொஸ்பரஸ் அதிகம், பழுதான சிறுநீரகத்துக்கு அது ஆகாது. ஆகவே முள்ளோடு அவித்துப் போடும் சூடை மீன் நின்றது, கருவாடு நின்றது. சதையை மட்டும் பிரித்து, உப்பில்லாமல் அவித்து, அவித்த தண்ணீரோடு சேர்த்துப் பிசைந்து வைப்பேன். சில நாள் முட்டை வெள்ளைக்கரு. ஒருநாள் அது சுருண்டு கிடப்பதைப் பார்த்து மனைவி அரைப் பெனடோல் கரைத்தா. நல்ல வேளையாக வைத்தியர் முன்பே எச்சரித்திருந்தார். மனிதனுக்குச் சாதாரணமான அந்தக் குளிசையை உடைக்கும் சக்தி பூனையின் ஈரலுக்குப் போதாது, சிறிதளவே கொன்றுவிடும். கோப்பையை வாங்கி ஊற்றினேன். "நல்லதுக்குத்தானே கரைச்சன்" என்று அவ அழுதா. நல்லதுக்கு என்று செய்வதெல்லாம் நல்லதாகிவிடாது என்பதை அந்தப் பதின்மூன்று மாதத்தில் நானும் படித்தேன்.

அது நாட்டில் எல்லாவற்றுக்கும் வரிசை நின்ற வருடம். பெற்றோல் இல்லாமல் சைக்கிளில்தான் பாமசிக்குப் போய் வந்தேன். மருந்துகளுக்கும் தட்டுப்பாடு. "ஆருக்கு?" என்று பாமசிக்காரத் தம்பி கேட்டபோது, "வீட்ட ஒரு ஆளுக்கு" என்று சொல்லிவிட்டேன். பொய். அன்றிரவு இஷாவுக்கு நின்றபோது மனம் ஒட்டவில்லை. ஒரு மனிதனுக்குப் போகவேண்டிய போத்தல் என் வீட்டு ஜன்னலில் தொங்குகிறதோ? மறுநாள் போய் உண்மையைச் சொன்னேன். அவன் சற்று யோசித்தான். "மனுசருக்கு இல்லாமப் போனா நான் சொல்றன் சேர். அப்ப நிப்பாட்டுங்க." ஜூலை மாதத்தில் இரண்டு கிழமை அப்படிச் சொன்னான். நிப்பாட்டினேன். சாப்பாட்டில் தண்ணீரைக் கூட்டிக் கொடுத்தேன். வெள்ளச்சி மெலிந்தது, ஆனால் தாண்டியது.

மனைவிக்குத் தொழும் இடத்தைப் பற்றிய கவலை. பூனை வாய் வைத்த தண்ணீர் நஜீஸ் அல்ல என்பது நமக்குத் தெரியும். அபூ கதாதா ரழியல்லாஹு அன்ஹு அவர்கள் வுழூவுக்கு வைத்த பாத்திரத்தைப் பூனை குடிப்பதற்காகச் சரித்துக் கொடுத்த செய்தியை மத்ரஸாப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் சிறுநீர் அப்படியல்ல. நோயாளிப் பூனை இடம் பார்க்காது. சஹருக்கு முன்னே எழும்பி நிலம் கழுவி, பாய் மாற்றி, அதற்குப் பிறகுதான் எங்கள் சோறு.

ஒருநாள் ராத்தா வந்தபோது நான் பூனையை மடியில் வைத்து ஊசி போட்டுக் கொண்டிருந்தேன். வாசற்படியில் நின்று பார்த்தா. "உம்மாக்கு ஒரு நாள் கூட நீ இப்படிப் புடிச்சிக்கொண்டு இருக்கல்லடா" என்றா. கோபமாகக் கூட அல்ல, ஒரு கணக்கு வாசிப்பது போல. என்னிடம் பதில் இருந்தது: உத்தியோகம், இடமாற்றம், தூரம். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். ஒன்றையும் சொல்ல வாய் வரவில்லை. ஊசியைக் கழற்றினேன். அவ அதற்கிடையில் போய்விட்டா. பிறகு பல மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை.

2023 நோன்பின் கடைசிப் பத்தில் வெள்ளச்சி சாப்பாட்டை மணந்து விட்டுத் திரும்பத் தொடங்கியது. வாய்க்குள் புண். மூச்சில் ஒரு கார நெடி. போத்தலைக் கொளுக்கியில் மாட்டும் சத்தம் கேட்டாலே அலுமாரிக்குக் கீழே போய் ஒளிந்தது. நான் கையை விட்டு இழுத்தெடுப்பேன். ஓடிவிடும் என்று கதவையும் பூட்டி வைத்தேன்.

ஒரு பூனையைக் கட்டி வைத்த காரணத்தால் தண்டிக்கப்பட்ட பெண்ணைப் பற்றிய ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் வருகிறது. அவள் உணவும் கொடுக்கவில்லை, தானாகத் தேடித் தின்ன விடவும் இல்லை. அதை வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எப்போதும் முதற் பாதியையே அழுத்திச் சொல்வேன், சாப்பாடு கொடுக்க வேண்டும் பிள்ளைகளே என்று. அலுமாரிக்குக் கீழே கையை விட்டபடி குந்தியிருந்த அன்றுதான் மறுபாதி என்னைப் பார்த்தது. விடவும் இல்லை. நான் கொடுத்துக் கொண்டே கட்டி வைத்திருக்கிறேனா?

தராவீஹ் முடிந்து மௌலவியிடம் கேட்டேன். அவர் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. "இந்த ஊசி அதுக்கு லேசா சேர், உங்களுக்கு லேசா?" என்று திருப்பிக் கேட்டார்.

பெருநாள் கழிந்து மூன்றாம் நாள் போத்தலைக் கழற்றினேன். கதவைத் திறந்து விட்டேன். வெள்ளச்சி ஓடவில்லை. மெல்ல நடந்து, உம்மா மீன் அரியும் கிணற்றடிக்குப் போய், ஈர மண்ணில் படுத்துக் கொண்டது. பக்கத்தில் ஒரு சிரட்டையில் தண்ணீர் வைத்தேன். வெயில் ஏற ஏற நிழலுக்காக ஒரு பழைய குடையை விரித்து வைத்தேன். இரண்டு இரவு அங்கேயே கிடந்தது. தடவினால் கண்ணை மூடும். மூன்றாம் நாள் சுபஹுக்கு வுழூச் செய்யப் போனபோது உடம்பு விறைத்திருந்தது. வாழையடியில் புதைத்தேன்.

பாவிக்காத இரண்டு போத்தல்களைப் பாமசியில் திருப்பிக் கொடுத்தேன். தம்பி காசு தர வந்தான், வாங்கவில்லை. அங்கிருந்து வீட்டுக்கு வராமல் நேரே ராத்தா வீட்டுக்குப் போனேன். அவ அரிசி புடைத்துக் கொண்டிருந்தா. பூனை செத்துப் போனதைச் சொன்னேன். "இன்னாலில்லாஹ்... உம்மாட பூனயல்லவா" என்று சுளகைக் கீழே வைத்தா.

நான்கு வருடமாகக் கேட்காததை அப்போது கேட்டேன். "ராத்தா, அந்தச் செவ்வாக்கிழமைகள்ல உம்மா எப்படி இருப்பா?"

ராத்தா என்னை ஏற இறங்கப் பார்த்தா. பிறகு, "இரி" என்று பாயைத் தள்ளிப் போட்டா. அதிகாலை வேனில் உம்மா எந்தப் பக்கம் சாய்வா, ஊசி ஏறும்போது எந்த ஓதலை ஓதுவா, திரும்பி வரும் வழியில் எந்தக் கடையில் நிற்பாட்டி என் பிள்ளைகளுக்கு மிக்சர் வாங்குவா, எல்லாம் சொன்னா. அஸர் தொழுது விட்டு உட்கார்ந்தவன், மஃரிபுக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் கேட்டுக் கொண்டிருந்தேன்.