படிக்கட்டில் பறந்த அண்ணன் தம்பி

நேத்து ராத்திரி தூக்கம் வராம, 1943ல வந்த 'ஸ்டார்மி வெதர்' படத்தோட அந்த டான்ஸைப் போட்டுப் பார்த்தேன்.
இன்னும் படபடப்பு அடங்கல.

நிக்கோலஸ் பிரதர்ஸ். அண்ணன் ஃபேயார்ட், தம்பி ஹெரால்ட்.
கேப் காலோவே பேண்ட் வாசிக்குது. வாசிக்கிறவங்களுக்கு நடுவுல புகுந்து தாவுறாங்க. பியானோ மேலயே ஏறி ஆடுறாங்க.

அப்புறம் அந்தப் பெரிய படிக்கட்டு.
ஒருத்தர் தலைக்கு மேல இன்னொருத்தர் தாவி, கீழ்ப்படியில ரெண்டு காலையும் முன்னும் பின்னுமா விரிச்சு அப்படியே இறங்குறார். அடுத்தவர் அவரைத் தாண்டிக் குதிக்கிறார். கடைசிப் படி வரைக்கும் இப்படியே.
எழுந்திரிக்கும்போது கையே ஊன்றல!

எந்த டான்ஸ் ஸ்கூலுக்கும் போகல. அப்பா டிரம்ஸ், அம்மா பியானோ. பிலடெல்பியா தியேட்டர்ல உக்காந்து பார்த்தே அண்ணன் கத்துக்கிட்டார், தம்பிக்கும் சொல்லிக் குடுத்தார்.
1932ல நியூயார்க் காட்டன் கிளப்ல ஆட வந்தப்ப தம்பிக்கு 11 வயசு. மேடையில கறுப்பர்கள், எதிர்ல வெள்ளைக்காரங்க மட்டும்.

மத்த பெரும்பாலான படங்கள்ல ரெண்டு பேரும் வருவாங்க, ஆடுவாங்க, போயிடுவாங்க. கதையில ஒட்டவே விடல. அப்பத்தான் அமெரிக்காவோட தெற்கு மாநிலத் தியேட்டர்காரங்க, கறுப்பர்கள் ஆடுற அந்தத் துண்டை மட்டும் வெட்டிட்டுப் படத்தை ஓட்டலாம் பாருங்க.
இதை நினைச்சா வயிறு எரியுது.

1991ல கென்னடி சென்டர் கௌரவம் குடுத்தாங்க. அண்ணனுக்கு அப்ப 77 வயசு.

இவங்களை நாயகர்களா வச்சு ஒரு முழுப்படம் எடுத்திருந்தா, என்னவெல்லாம் ஆடிக் காட்டியிருப்பாங்க?